‘கட் அன் பொலிஷ்’ கடைக்குப் போகமுன்னர்: வீட்டு முற்றத்தில் காரை மினுக்குவது எப்படி?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, அது ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நீடிக்கும் என்று பலரும் நினைத்திருக்கவில்லை. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது. ஆனால் வரிகளோடு சேர்ந்து வந்த விலை, மாதச் சம்பளக்காரர் பலருக்கு எட்டாத உயரத்தில் நின்றது. ஆகவே வீட்டில் நிற்கும் பழைய அல்டோவும் வகன் ஆரும் 121 கொரொல்லாவும் இன்னும் பல வருடங்கள் ஓடியே ஆகவேண்டிய வாகனங்களாகிவிட்டன. எஞ்சின் ஒயிலை மாற்றலாம், ரயரை மாற்றலாம், மீள்விற்பனைக் கடையில் கதவைக்கூட வாங்கிப் பூட்டலாம். தொழிற்சாலையில் அடித்த பெயின்றை மட்டும் திரும்ப வாங்க முடியாது.

அந்தப் பெயின்றின் மேல்தான் நம்மவர்கள் அலட்சியமாகக் கைவைக்கிறார்கள். வருடப்பிறப்புக்கு ஒரு ‘கட் அன் பொலிஷ்’, கலியாண வீட்டுக்கு ஒன்று, விற்பதற்கு முன் இன்னொன்று. வாங்கியவர் தன் பங்குக்கு மீண்டும் ஒன்று. பெயரிலேயே ‘கட்’ இருக்கிறது. எதை வெட்டுகிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு.

இன்றைய கார்களின் பூச்சு பல அடுக்குகளாலானது. தகரத்தின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற ‘கிளியர் கோட்’. இவையெல்லாம் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன் வரைதான். கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரோன். தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன் என்றால் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். சூரியனின் புற ஊதாக் கதிரை உறிஞ்சி, கீழே உள்ள நிறத்தைக் காப்பதும் இந்தக் கிளியர் கோட்தான். பொலிஷ் என்பது மிக நுண்ணிய அரத்தூள் கலந்த பசை. அது கீறலை நிரப்புவதில்லை. கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து, கீறலின் அடிமட்டம் வரை இறக்கிவிடுகிறது. மேடு போனால் பள்ளமும் தெரியாது. ஒவ்வொரு முறையும் சில மைக்ரோன் நிரந்தரமாகப் போகிறது.

வக்ஸ் இதற்கு எதிர்ப்பக்கம். அது எதையும் எடுப்பதில்லை. மேலே ஒரு மெல்லிய படலத்தைச் சேர்க்கிறது. பிரேசிலின் கார்னோபா பனையோலையில் இருந்து எடுக்கும் மெழுகு இதில் பேர்போனது. 80 பாகை செல்சியசைத் தாண்டித்தான் உருகும் என்பதால் நமது வெயிலுக்கும் தாக்குப்பிடிக்கும். செயற்கைப் பொலிமரில் செய்த ‘சீலன்ட்’ வகைகள் இன்னும் நீண்ட நாள் நிற்கும். ஆக, பொலிஷ் தேவைப்படும்போது மட்டும், வக்ஸ் அடிக்கடி. இந்த ஒரு வேறுபாடு விளங்கினால் பாதி வேலை முடிந்தது. கடைகளில் ‘பொலிஷ் வக்ஸ்’ என்று இரண்டையும் ஒரே போத்தலில் அடைத்து விற்பவையும் உண்டு. அவசரத்துக்கு உதவும். ஆனால் மாதாமாதம் அதைத் தேய்ப்பவர், தெரியாமலே மாதாமாதம் பொலிஷும் செய்கிறார்.

முதலில் கழுவல். காரில் தெரியும் சிலந்தி வலை போன்ற கீறல்களில் பெரும்பகுதி வீதியில் விழுந்தவை அல்ல, கழுவும்போது விழுந்தவை. காய்ந்த செம்மண் தூசிக்கு மேல் பழைய பெனியனால் துடைப்பது, மண்கடதாசியால் துடைப்பதற்குச் சமம். வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் கோழியிறகுத் துடைப்பத்தால் தட்டுவதும் அப்படித்தான். முதலில் தண்ணீரை ஊற்றியோ பீச்சியோ மண்ணை இறக்குங்கள். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷம்பு கலந்த நீர், மற்றதில் வெறும் நீர். துணியை ஷம்பு வாளியில் நனைத்து ஒரு பகுதியைத் துடைத்ததும், வெறும் நீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷம்புவுக்குப் போகவேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். ரயரைத் துடைத்த துணி பொனற்றுக்குத் திரும்பவே கூடாது. பாத்திரம் கழுவும் திரவம் ஏற்கெனவே பூசிய வக்ஸைக் கரைத்துவிடும். வழமையான கழுவலுக்கு அது வேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறிவரும் கிணற்று நீர் கடினமானது. கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவுதான், கழுவிய காரை வெயிலில் காயவிட்டால் பொனற்றில் வட்டம் வட்டமாகப் படிகிறது. அதனால் நிழலில் கழுவி, மைக்ரோபைபர் துணியால் உடனே ஈரத்தை ஒற்றி எடுங்கள். மழைநீரைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் கடைசி அலசலுக்கு அதைப் பயன்படுத்தினால் மிக நல்லது. ஏற்கெனவே படிந்த வட்டங்களுக்கு, வினாகிரியும் நீரும் சம அளவில் கலந்து நனைத்த துணியைச் சிறிது நேரம் வைத்து, பின் நன்றாகக் கழுவிவிடலாம். அதற்கும் அசையாதவற்றுக்கே பொலிஷ்.

கழுவிக் காய்ந்தபின் ஒரு சிறிய சோதனை. மெல்லிய பொலித்தீன் பை ஒன்றுக்குள் கையை விட்டு, பொனற்றின் மேல் மெதுவாகத் தடவுங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பைக்குள் இருக்கும் விரலுக்குத் தெரியும். அது பெயின்றில் ஒட்டிக்கொண்ட பிரேக் தூள், தார், மரப்பால். இதை எடுக்க ‘கிளே பார்’ என்ற களிமண் போன்ற கட்டி விற்கிறார்கள். ஷம்பு நீரைத் தெளித்து, அழுத்தாமல் அதை வழுக்கவிட்டால் அழுக்கைப் பிடுங்கிக்கொள்ளும். கட்டியை அடிக்கடி மடித்துச் சுத்தமான பக்கத்தைத் திருப்பவேண்டும். நிலத்தில் விழுந்தால் எறிந்துவிடுங்கள். விலையைப் பார்த்து மனம் வராது, ஆனாலும் எறியத்தான் வேண்டும். ஒட்டிய ஒரு மணல் போதும், கதவு முழுக்கக் கோடு போட.

இனிப் பொலிஷ். எந்தக் கீறலுக்குச் செய்வது? நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டினால் அது ஆழமானது. அதைத் தேய்த்து எடுக்க முயன்றால் கிளியர் கோட் முடிந்து நிறம் வெளியே வரும். மாட்டாதவைதான் உங்கள் வேலை. ‘கொம்பவுண்ட்’ என்று எழுதிய கரகரப்பானதை ஆரம்பத்திலேயே வாங்காமல், மிக மென்மையான ‘பினிஷிங் பொலிஷ்’ ஒன்றில் தொடங்குங்கள். கறுப்பு பிளாஸ்ரிக், ரப்பர் ஓரங்களுக்கு மாஸ்கிங் ரேப் ஒட்டுங்கள். பசை பட்டுக் காய்ந்தால் வெள்ளையாய் நின்று அசிங்கப்படுத்தும். பிறகு பின் கதவு போன்ற மறைவான இடத்தில், இரண்டடிச் சதுரம் ஒன்றில் மட்டும், பஞ்சுத் திண்டில் கடலையளவு பசை எடுத்து, நேர்கோடாகவும் குறுக்காகவும் இரண்டு மூன்று நிமிடம் தேயுங்கள். துடைத்துவிட்டு ரோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். போதுமென்றால் அதே முறையில் மற்ற இடங்களுக்குப் போகலாம். ஒரு நாளில் ஒரு பொனற் போதும். கை உளைவு அடுத்த நாள்தான் தெரியும்.

துணியில் காரின் நிறம் ஒட்டினால் உடனே நிறுத்துங்கள். கிளியர் கோட் இல்லாத பழைய ஒற்றைப் பூச்சுக் கார்களில் அது இயல்பு; எண்பதுகளின் சனி வைத்திருப்பவர்களுக்கு இது புதினமில்லை. புதிய காரில் நிறம் வந்தால், முன்னைய ‘கட்’டுகள் அங்கே கிளியர் கோட்டைத் தின்று முடித்துவிட்டன என்றே கொள்ளவேண்டும்.

மெஷின் வேண்டுமா? கராஜ்களில் காணும் ஒரே அச்சில் சுழலும் மெஷின் அனுபவசாலிகளுக்குரியது. பொனற்றின் விளிம்பு, கதவின் மடிப்பு போன்ற இடங்களில் பூச்சு இன்னும் மெல்லியது. ஒரு சில நொடியில் வெப்பமேறித் தேய்ந்துவிடும். வாங்கத்தான் வேண்டுமென்றால், சுழன்றபடியே அசையும் ‘டுவல் அக்சன்’ வகை பாதுகாப்பானது. முதல் வருடத்துக்குக் கையே போதும் என்பது என் அபிப்பிராயம்.

வக்ஸ் பூசுவது இவற்றில் மிகச் சுலபமானது, மிகையாகப் பூசிக் கெடுப்பதும் அதிகம். தடிப்பாகப் பூசினால் பாதுகாப்புக் கூடாது, துடைக்கத்தான் கஷ்டம். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான மெல்லிய படலம் போதும். காலை ஏழு, எட்டு மணிக்குள், தகரம் குளிர்ந்திருக்கும்போது நிழலில் பூசுங்கள். புகார் படிந்ததுபோல் மங்கியதும் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். சுத்தமாக விலகினால் துடைக்கும் நேரம் வந்துவிட்டது. கல் தெறித்துத் தகரம் தெரியும் புள்ளிகள் இருந்தால் வக்ஸுக்கு முன்னரே ரச் அப் பெயின்ற் வைத்துவிடுங்கள். மெழுகு பட்ட இடத்தில் பெயின்ற் ஒட்டாது. கடற்கரையோரத்தில் வாழ்பவர்களுக்கு இது அழகுப் பிரச்சினையல்ல. உப்புக்காற்றில் துரு தொடங்குவதே அந்தப் புள்ளிகளில்தான்.

வக்ஸ் பூசியபின்னும் மரநிழல் முழுப் பாதுகாப்பு இல்லை. காக்கை, வௌவால் எச்சம் காய்ந்து இறுகும்போது, வெயிலில் இளகிய கிளியர் கோட்டில் தன் அச்சைப் பதித்துவிடும். வக்ஸ் உங்களுக்குச் சில மணித்தியால அவகாசம் தரும், அவ்வளவுதான். சுரண்டாமல், ஈரத்துணியைச் சில நிமிடம் போட்டு ஊறவைத்துத் தூக்கி எடுங்கள்.

மழைத்துளி பொனற்றில் முத்து முத்தாக நிற்கும்வரை வக்ஸ் இருக்கிறது. தண்ணீர் பாயாக விரியத் தொடங்கினால் மறுபடி பூசலாம். வெளியே நிற்கும் காருக்கு இது இரண்டு மூன்று மாதத்தில் வரலாம், மாரி மழைக்காலத்தில் அதற்கு முன்னரும் வரலாம். கூரையிலும் பொனற்றிலும் கிளியர் கோட் வெள்ளைத் தோலாய் உரிந்துவிட்ட கார்களுக்கு மட்டும் இவை எதுவும் பயன்படாது. அவற்றை மினுக்கித் தருகிறேன் என்று எவராவது சொன்னால் காசைக் கொடுக்காதீர்கள். உரிந்த பகுதியைத் தேய்த்து மீண்டும் பெயின்ற் அடிப்பது ஒன்றே வழி.