கல்லூரி மாறி நிலவியல் பயில

1960 ஏப்ரல் முதல் நாள் நம் திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஊரே மாறி வந்திருக்க, கல்லூரி மாற நாம் அஞ்சலாமா?

வேறு கல்லூரியில் சேர்ந்தபின், சென்னை மாநிலக் கல்லூரி போன்ற இடங்களில் நிலவியல் பயில விரும்பும் தோழியர் உண்டு. நிலவியல் வேறு, புவியியல் வேறு. விண்ணப்பத்தில் பாடப் பெயரைச் சரிபார்ப்போம். பாறையை அறிய வேதியியல், இயற்பியல், கணிதம் மூன்றும் துணை, அவற்றைக் கைவிடலாகாது.

காலியிடம் உண்டா என முதலில் விசாரிப்போம். படித்த பாடத்திட்டத்தையும் மதிப்பெண் பட்டியலையும் புதிய துறைத்தலைவரிடம் காட்டி, எந்தத் தாள்கள் ஏற்கப்படும், எந்த ஆண்டில் சேர்ப்பார்கள் என்பதை எழுத்தில் பெறுவோம். இடம் உறுதியான பின்னரே மாற்றுச் சான்றிதழ் வாங்குவோம். அவசரப்பட்டால் ஓராண்டு வீணாகும். பல்கலைக்கழகம் மாறினால் இடப்பெயர்வுச் சான்றிதழும் வேண்டும்.

அதுவரை கண்ணைப் பழக்குவோம். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் காணும் பாறைக்கு 'சார்னோக்கைட்' எனப் பெயரிட்டவர் ஹாலந்து என்னும் நிலவியலார். நம் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் 1863-இல் கற்கருவிகளைக் கண்ட புரூஸ் ஃபூட்டும் நிலவியலாரே. மலைப்படி ஏறும்போது, வழியோரப் பாறையையும் சற்றுக் குனிந்து பார்ப்போம். முதல் பாடம் அங்கேயே தொடங்கட்டும்.