மலையேறும் சக்கரங்கள் – 7: தார் முடியும் இடத்தில் வேன்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால், அதற்கு நான்கு சக்கர இயக்கம் கொண்ட பெரிய வேனே பொருத்தமானது என்ற கருத்து சேர்வராயன் மலைக்குப் புதிதாக வருவோரிடம் எளிதில் தோன்றுகிறது. ஆனால் ஏற்றத்தில் வண்டியின் எடை பின்னச்சை நோக்கி நகர்வதால், பின்சக்கரங்களால் உந்தப்படும் வேன் ஆட்கள் நிறைந்திருக்கும்போதும் தார்ச்சாலையில் பிடிப்பு குறையாமல் ஏறிவிடுகிறது. 1987 முதல் வரும் டெம்போ டிராவலர் இவ்வகையைச் சேர்ந்தது. அதற்கு முன் அதே நிறுவனம் தயாரித்த மட்டடோரோ முன்சக்கரங்களால் இழுக்கப்பட்ட வண்டி. ஏற்றத்தில், அதுவும் பின்புறம் பாரம் மிகும்போது, அதன் முன்சக்கரங்களின் மேல் அழுத்தம் குறைந்து, ஈரத்தரையில் அவை வீணே சுழல இடமுண்டு.

நான்கு சக்கர இயக்கத்தின் தேவை தொடங்குவது தோட்டங்களுக்குள் பிரியும் மண்பாதைகளில்தான். சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் 1820-களில் இம்மலையில் அறிமுகப்படுத்திய காப்பியின் அறுவடை, வடகிழக்குப் பருவமழை ஓயாத நவம்பரிலேயே தொடங்கிவிடுவதால், பழ மூட்டைகளை இறக்க வேண்டிய காலமும் பாதை சேறாகும் காலமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. ஜீப் தோட்டங்களில் நிலைபெற்றதற்குக் காரணம், இயந்திர விசையை இரு அச்சுகளுக்கும் பகிர்ந்தளிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்னும் துணைக் கியர்பெட்டியே. அதிலுள்ள தாழ்நிலைக் கியர் ஏற்றத்துக்கு மட்டுமன்றி, பாரத்துடன் இறங்கும்போது பிரேக்கைச் சூடேற்றாமல் இயந்திரத்தைக் கொண்டே வேகத்தை அடக்கவும் உதவுகிறது. மலையில் இந்த இரண்டாம் பயனே பெரிது.

இந்த அமைப்பை அப்படியே வேனுக்கு மாற்றுவதில் இடர்கள் உண்டு. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வட்டத்தில் உருள்வதால், இரு அச்சுகளும் இறுகப் பிணைக்கப்பட்ட நிலையில், வழுக்காத தாரின் மீது தண்டுகளில் முறுக்கம் சேர்ந்து, திசைதிருப்புவது கடினமாகிறது. ஆகவே 20 வளைவுகளிலும் அந்த இயக்கம் விலக்கப்பட்டே இருக்க வேண்டும். முன்னச்சுக்கும் விசை தரும் பொருட்டு உயர்த்தப்படும் உடலோ, ஏற்கெனவே நெடிய வேனின் ஈர்ப்புமையத்தை மேலும் மேலேற்றி, வளைவில் சாயும் போக்கை மிகுவிக்கிறது. 1985-இல் வந்த ஃபோக்ஸ்வேகன் சின்க்ரோ வேன், முதற்சிக்கலை விஸ்கஸ் கப்ளிங் என்ற இணைப்பால் தீர்த்தது. சிலிக்கோன் திரவம் நிறைந்த இவ்விணைப்பு, ஒரு சக்கரம் வழுக்கும்போது மட்டுமே மற்ற அச்சுக்கு விசையை மிகுதியாக அனுப்பும்.

அமெரிக்காவில் சாதாரண வேனை வாங்கி, தனிப் பட்டறையில் நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றிக்கொள்ளும் தொழில் வளர்ந்துள்ளது. இந்தியாவிலோ, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாகும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. எனவே ஆலையிலேயே பொருத்தப்பட்ட வண்டியைத் தேடுவதே வழி. டிராவலரைத் தயாரிக்கும் ஃபோர்ஸ் நிறுவனமே 2024-இல் ஐந்து கதவுகள் கொண்ட கூர்க்காவை நான்கு சக்கர இயக்கத்துடன் வெளியிட்டது. ஆனால் அதில் அமரக்கூடியவர்கள் 7 பேர்தான்.

(தொடரும்)