பழி வாங்க வந்த வாலிபர் கையில் ஸ்கிப்பிங் கயிறு!

வடசென்னை குத்துச்சண்டைக் கூடத்தில் நடப்பது என்ன?

சென்னை:

அதிகாலை மணி 5. வடசென்னையில் ஒரு சந்து. டீக்கடைக்காரர் இப்போதுதான் பாய்லரைப் பற்ற வைக்கிறார். சந்தின் கோடியில் உள்ள தகரக் கொட்டகையில் அதற்குள் விளக்கு எரிகிறது. உள்ளே இருந்து "டப்... டப்... டப்..." என்று சத்தம் வருகிறது.

யாரோ யாரையோ போட்டு அடிக்கிறார்கள் என்று புதிதாக வருகிறவர்கள் பயந்து விடுவார்கள். எட்டிப் பார்த்தால் அடியும் இல்லை, உதையும் இல்லை. பத்துப் பன்னிரண்டு வாலிபர்கள் வரிசையாக நின்று கயிறு தாண்டுகிறார்கள். குத்துச்சண்டைக் கூடம் அது.

வரிசையில் கடைசியாக நிற்பவருக்கு 19 வயது. லேத் பட்டறையில் வேலை. தகப்பனார் இல்லை. அவர் கொண்டு வரும் சம்பளத்தில்தான் தாயாரும் தங்கையும் சாப்பிட வேண்டும். 5 மாதத்துக்கு முன்பு அவர் இங்கே வந்தது உடம்பைத் தேற்ற அல்ல. ஒரு ஆளை அடிக்க!

நடுத்தெருவில் அறை

மோட்டார் சைக்கிளை எங்கே நிறுத்துவது என்பதில் தகராறு. பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் பத்துப் பேர் பார்க்க "பளார்" என்று அறைந்து விட்டார். வாலிபருக்கு இரண்டு நாள் தூக்கம் இல்லை. மூன்றாம் நாள் காலையில் நேராகக் கூடத்துக்கு வந்து வாத்தியார் முன்னால் நின்றார். வாத்தியாருக்கு 60 வயதுக்கு மேல். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"குத்து கத்துக்க எத்தினி நாளு ஆவும் வாத்தியாரே?"

"யாரை அடிக்கணும்?" என்று பட்டென்று கேட்டார் வாத்தியார்.

வாலிபர் திருதிருவென்று விழித்தார். வாத்தியார் எழுந்து வந்தார். "சரி, நில்லு பாப்போம்" என்றார். வாலிபர் கால்களைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்திக் கொண்டு விறைப்பாக நின்றார். வாத்தியார் ஒரே ஒரு விரலால் அவர் தோளைத் தள்ளினார். வாலிபர் தடுமாறிப் பின்னால் போய்ச் சுவரில் முட்டிக் கொண்டார்.

"ஒரு விரலுக்கே ஆட்டம் காணுறே. நீ போயி யாரை அடிக்கப் போறே? நாளைக்குக் காலைல 5 மணிக்கு வா."

அதோடு ஒரு நிபந்தனையும் போட்டார். தெருச்சண்டை என்று காதில் விழுந்தால் அன்றோடு கூடத்தின் கதவு மூடி விடும்.

7 ஆண்டு சிறை

இந்த நிபந்தனைக்குக் காரணம் இருக்கிறது. கோதாவில் விழுந்தால் அது குத்து. தெருவில் விழுந்தால் அது குற்றம்!

2024 ஜூலை 1-ந் தேதி முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின்படி, ஒருவரை வேண்டுமென்றே அடித்துக் காயப்படுத்தினால் ஓராண்டு வரை சிறை. எலும்பு முறிந்தாலோ, பல் உடைந்தாலோ அது கொடுங்காயம். அதற்கு 7 ஆண்டு வரை சிறை. ஒரு குத்தில் ஒரு பல் போதும். லேத் பட்டறை வேலை போய் விடும். தாயாரும் தங்கையும் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான்.

பரம்பரைப் பெருமை

வடசென்னைக்குக் குத்துச்சண்டை நேற்று வந்தது அல்ல. சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்பச் செட்டியார் பரம்பரை என்று பெயர் சொல்லி மோதிய பேட்டைகள் இவை. சார்பட்டாவின் கித்தேரிமுத்து பெயரைப் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். 2021-ல் பா.ரஞ்சித் எடுத்த "சார்பட்டா பரம்பரை" படத்துக்குப் பிறகு வெளியூர்க்காரர்களுக்கும் இந்தப் பெயர்கள் தெரிந்து விட்டன.

1980-ல் முகமது அலியே சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிசுடன் காட்சிப் போட்டியில் மோதினார். 1994-ல் பாங்காக் உலகக் கோப்பைப் போட்டியில் தமிழ்நாட்டின் வி.தேவராஜன் வெண்கலப் பதக்கம் வாங்கினார். இந்தக் கொட்டகைச் சுவரிலும் அலி படம் மாட்டியிருக்கிறது.

முதல் மாதம்: கால்

முதல் ஒரு மாதம் வாலிபர் ஒரு குத்துகூட விடவில்லை. ஓட்டமும் கயிறும்தான். ஓட்டம் என்றால் முதல் நாளே கடற்கரையைச் சுற்றி வருவது இல்லை. ஒரு நிமிஷம் ஓட வேண்டும், ஒரு நிமிஷம் நடக்க வேண்டும். ஓடும்போது பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

கயிறு தாண்டுவதிலும் கணக்கு உண்டு. 3 நிமிஷம் தாண்ட வேண்டும், ஒரு நிமிஷம் ஓய்வு. போட்டியும் அதே கணக்குதான். 3 நிமிஷ ரவுண்டுகள் 3, நடுவில் ஒரு ஒரு நிமிஷ ஓய்வு. மொத்தம் 11 நிமிஷத்தில் எல்லாம் முடிந்து விடும். "11 நிமிஷம் தானே?" என்று கேட்ட வாலிபருக்கு முதல் நாள் 40 வினாடியில் கயிறு காலில் மாட்டியது. ஒன்றரை நிமிஷத்தில் கெண்டைக்கால் பிடித்துக் கொண்டது.

அடுத்தது நிற்கும் பாடம். வலது கைப் பழக்கம் உள்ளவர் இடது காலை முன்னால் வைக்க வேண்டும். இரண்டு காலுக்கும் நடுவே தோள் அகலம். முழங்கால் லேசாக மடங்க வேண்டும். பின்னங்கால் குதிகால் தரையில் படக் கூடாது. தாடை கீழே, இரண்டு கையும் கன்னத்தருகே, முழங்கை விலா எலும்பை ஒட்டி. நகரும்போது காலும் காலும் பின்னக் கூடாது. முன்னே போக முன்கால் முதலில், பின்னே வரப் பின்கால் முதலில்.

ஒரு மாதம் கழித்து வாத்தியார் மறுபடி விரலால் தள்ளினார். வாலிபர் அசையவில்லை.

இரண்டாம் மாதம்: கை

பிறகுதான் கைக்குத் துணி சுற்றக் கற்றுக் கொடுத்தார்கள். ஒரு கைக்குச் சுமார் 4½ மீட்டர் துணி. மணிக்கட்டு, கட்டை விரல், விரல் மொட்டு என்று மாறி மாறிச் சுற்ற வேண்டும். கையில் 27 சின்னச் சின்ன எலும்புகள். ஒழுங்காகக் கட்டாமல் மூட்டையைக் குத்தினால் முதலில் உடைவது அவைதான். சுண்டு விரல் பக்கமாகக் குத்தி, அதன் அடி எலும்பை முறித்துக் கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் நிறைய. இந்த முறிவுக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயரே "பாக்சர் முறிவு" என்பதுதான். ஆள்காட்டி விரல், நடு விரல் மொட்டுகளில்தான் குத்து விழ வேண்டும். மணிக்கட்டு மடங்கக் கூடாது.

குத்துகளில் முதல் பாடம் "ஜாப்". முன்கையை நேராக விட்டு, விட்ட வேகத்தில் இழுத்துக் கொள்வது.

"போன கை போன வழியே வீட்டுக்கு வரணும். வழியிலே தொங்கிக்கினு நின்னா, எதிராளி கை உன் கன்னத்துக்கு வந்துரும்" என்பது வாத்தியார் பாடம்.

வலது கைக் குத்துக்குப் பலம் தோளில் இருந்து வருவது இல்லை. பின்னங்கால் தரையை உதைக்கிறது, இடுப்பு திரும்புகிறது, தோள் தொடர்கிறது. கை கடைசியாகத்தான் போகிறது. குத்தும்போது மூச்சை அடக்கக் கூடாது. "ஸ்... ஸ்..." என்று விட வேண்டும்.

மொட்டை மாடி மோதல்

இங்கேதான் வாலிபருக்கு அவசரம் வந்தது.

இரண்டு குத்து தெரிந்ததும் கை துறுதுறுத்தது. "ஸ்பாரிங் விடுங்க வாத்தியாரே" என்று கெஞ்சினார். "மூணு மாசம் ஆவட்டும்" என்று சொல்லி விட்டார் வாத்தியார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நண்பர் ஒருவரோடு மொட்டை மாடியில் இறங்கி விட்டார் வாலிபர். செல்போனில் பார்த்த சண்டைதான் பாடம். தலைக்காப்பு இல்லை, பல் காப்பு இல்லை, நிறுத்தச் சொல்ல நடுவில் ஆளும் இல்லை.

நண்பர் விட்ட குத்து காதுக்கு மேலே விழுந்தது. வாலிபர் கீழே விழவில்லை. சிரித்துக் கொண்டே வீட்டுக்குப் போனார். ராத்திரி சாப்பிட்ட சோற்றை வாந்தி எடுத்தார். "இன்னிக்கு என்ன கிழமை?" என்று தங்கையிடம் மூன்று தடவை கேட்டார். பதறிப் போன தாயார் ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்.

ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை. ஆனால் மூளை குலுங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். இது முழுதும் ஆறுவதற்குள் தலையில் இன்னொரு அடி விழுந்தால், அது சின்ன அடியாக இருந்தாலும் உயிருக்கே ஆபத்து உண்டு.

மூளை ஆடும்!

1928-லேயே அமெரிக்க டாக்டர் ஹாரிசன் மார்ட்லண்ட், குத்துச்சண்டைக்காரர்களுக்குப் பிற்காலத்தில் வரும் தள்ளாட்டம், பேச்சுக் குழறல் பற்றி எழுதினார். முகமது அலிக்கு 1984-ல் பார்க்கின்சன் நோய் என்று தெரிய வந்தது. 2016-ல் 74 வயதில் அவர் காலமானார். அவர் வாங்கிய குத்துகளுக்கும் அந்த நோய்க்கும் தொடர்பு உண்டா என்ற விவாதம் ஓயவில்லை. ஆனால் தலையில் திரும்பத் திரும்ப விழும் அடி மூளையைக் கெடுக்கும் என்பதில் டாக்டர்களுக்குச் சந்தேகம் இல்லை.

தலைக்காப்பு போட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு. அது புருவம் கிழிவதைத் தடுக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதை அது தடுப்பது இல்லை.

ஆகையால்தான், தலையில் அடிபட்டு "நாக்-அவுட்" ஆனவர் குறைந்தது 30 நாள் கோதாவில் இறங்கக் கூடாது என்று அமெச்சூர் போட்டிகளில் விதி வைத்தார்கள். வாத்தியாரும் அந்தக் கணக்கையே பிடித்தார்.

கூடத்துக்கு வந்து தாயார் அழுதார். "இவன் சம்பாத்தியத்துலதான் அடுப்பு எரியுதுய்யா. இவனுக்கு இதெல்லாம் வேணாம்" என்றார்.

வாத்தியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு மாசம் குத்து கிடையாதும்மா. டாக்டர் சரின்னு எழுதிக் குடுத்தா வரட்டும். இல்லேன்னா வேணாம்" என்றார்.

வியர்வை மோசம்

எடையைக் குறைக்கிறேன் என்று பிளாஸ்டிக் கோட்டு மாட்டிக் கொண்டு ஓடுவதும், தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் புதிதாக வருகிறவர்கள் செய்யும் இன்னொரு தவறு. அப்படிக் குறைவது கொழுப்பு அல்ல, உடம்பில் உள்ள தண்ணீர். 1997-ல் அமெரிக்காவில் இப்படி எடை குறைக்கப் போய் 3 கல்லூரி மல்யுத்த வீரர்கள் சுமார் ஒரு மாத இடைவெளியில் உயிர் இழந்தார்கள்.

இந்தக் கூடத்தில் சாப்பாட்டுக்கு விசேஷப் பட்டியல் எதுவும் இல்லை. இட்லி, முட்டை, சுண்டல், மீன், வாழைப்பழம், வேண்டிய அளவு தண்ணீர். ராத்திரி 10 மணிக்குத் தூக்கம். வாரத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வு.

முதல் மோதல்

டாக்டர் சீட்டோடு வாலிபர் திரும்பி வந்தார். மறுபடி ஓட்டத்தில் இருந்து ஆரம்பம். ஐந்தாவது மாதம்தான் வாத்தியார் தலையசைத்தார். பெரிய கிளவுஸ், 16 அவுன்ஸ், அதாவது சுமார் 450 கிராம். தலைக்காப்பு, பல் காப்பு. எதிரே கூடத்தில் 4 வருஷம் பழகிய சீனியர். பாதி வேகம்தான், தலைக்குக் குத்து கிடையாது.

வாலிபர் நெருங்கினார். கை தவறி ஒரு ஜாப் மூக்கில் பட்டு விட்டது. கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். பல்லைக் கடித்துக் கொண்டு பாயப் போனார்.

"நில்லு!" என்றார் வாத்தியார்.

வாலிபர் நின்றார். கை தானாகக் கன்னத்துக்குப் போனது. கால் ஒரு அடி பின்னால் வந்தது. சீனியர் சிரித்துக் கொண்டே கிளவுசால் தட்டிக் கொடுத்தார்.

அறைந்த ஆளை வாலிபர் இப்போதும் தினம் பார்க்கிறார். போன வாரம் டீக்கடையில் அவர் ஏதோ முணுமுணுத்தாராம். வாலிபர் டீயைக் குடித்து, காசைக் கொடுத்து விட்டு வேலைக்குப் போய் விட்டார். "கோவம் இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா இத்தினி நாளு பட்ட பாட்டை ஒரு நிமிஷத்துல விட முடியாது" என்கிறார்.

சேர விரும்புவோருக்கு...

குத்துச்சண்டை பழக நினைப்பவர்கள் முதலில் டாக்டரிடம் இதயம், ரத்த அழுத்தம், கண் மூன்றையும் காட்ட வேண்டும். வலிப்பு வந்தவர்களும், முன்பு தலையில் பலமாக அடிபட்டவர்களும் அதை மறைக்கக் கூடாது. கூடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் வாரமே "வா, மோதலாம்" என்று கூப்பிடும் கூடமாக இருந்தால் வந்த வழியே திரும்பி விடுவது நல்லது. உடம்புக்குப் பயிற்சி போதும், மோதல் வேண்டாம் என்றாலும் கூச்சப்பட வேண்டியது இல்லை. கயிறும் ஓட்டமும் மூட்டையும் அவர்களுக்கும் உண்டு.

காலை மணி 7½. கொட்டகையில் விளக்கை அணைக்கிறார்கள். லேத் பட்டறை வாலிபர் கைத் துணியைச் சுருட்டிப் பையில் வைக்கிறார். வாசலில் அவருக்காகத் தாயார் நிற்கிறார். கையில் டிபன் பாக்ஸ். மகன் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி ஒரு தடவை பார்த்து விட்டுத்தான் அதைக் கொடுக்கிறார். இது தினமும் நடக்கிறது.