ஒன்பது போட்டா 'வா', ரெண்டு போட்டா 'வேணாம்': பிரிட்ஜ் ஆட்டத்தின் சிக்னல் மொழி

ஹாஸ்டல்ல நாலு பேர் சேர்ந்தா ரம்மி, கழுதை, இருபத்தெட்டுன்னு ஏதாவது ஒரு சீட்டாட்டம் ஓடும். பார்ட்னர் வச்சு ஆடுற ஆட்டம்னா கண்ணடிக்கிறது, இருமுறது, மூக்கைச் சொறியறதெல்லாம் கூடவே வந்துடும். அது கள்ளாட்டம்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா பார்ட்னருக்கு சிக்னல் கொடுக்கிறதை விதிப்படியே அனுமதிக்கிற ஆட்டம் ஒண்ணு இருக்கு: கான்ட்ராக்ட் பிரிட்ஜ். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில இதை முதல்முறையா சேர்த்தாங்க. ஆண்கள் ஜோடிப் பிரிவுல தங்கம் வாங்கினது கொல்கத்தாவின் பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார். அப்போ பர்தனுக்கு வயசு 60, சர்க்காருக்கு 56.

ஆட்டம் சுருக்கமா

எதிரெதிரே உட்கார்ற ரெண்டு பேர் ஒரு ஜோடி. ஆளுக்கு 13 சீட்டு. நாலு பேரும் ஒவ்வொரு சீட்டு போட்டா அது ஒரு ட்ரிக். மொத்தம் 13 ட்ரிக். முதல்ல ஏலம். "ஸ்பேட் துருப்பு, 10 ட்ரிக் எடுக்கிறோம்"னு ஒரு ஜோடி ஒப்பந்தம் பண்ணும். அதை ஆடுறவர் டிக்ளேரர். அவரோட பார்ட்னர் டம்மி. தன் சீட்டை எல்லாரும் பார்க்க மேஜையில விரிச்சு வச்சிடுவார். மத்த ரெண்டு பேரும் டிஃபென்டர்கள். 10 ட்ரிக் ஒப்பந்தத்தை உடைக்க அவங்களுக்கு 4 ட்ரிக் வேணும்.

இங்கதான் சிக்கல். டிக்ளேரருக்குத் தன் பக்கத்து 26 சீட்டும் தெரியும். டிஃபென்டருக்குத் தன் கையும் டம்மியும் மட்டும்தான் தெரியும், பார்ட்னர் கை தெரியாது. பேசக்கூடாது, முகம் காட்டக்கூடாது. போடுற சீட்டு ஒண்ணுதான் தகவல் போற ஒரே சேனல்.

மூணு வகை சிக்னல்

முதல் வகை, விருப்பம். பார்ட்னர் ஆரம்பிச்ச ஜாதியில பெரிய சீட்டு போட்டா "இதையே தொடரு", சின்ன சீட்டு போட்டா "வேற பாரு".

ரெண்டாவது, எண்ணிக்கை. முதல்ல பெரிசு, அடுத்து சின்னது போட்டா அந்த ஜாதியில இரட்டைப்படை சீட்டு இருக்கு. சின்னது முதல்ல வந்தா ஒற்றைப்படை.

மூணாவது, ஜாதித் தேர்வு. "அடுத்து எந்த ஜாதியில வரணும்?" என்பதுக்கான பதில் இது. துருப்பையும் இப்போ ஆடுற ஜாதியையும் தள்ளிட்டா ரெண்டு ஜாதி மிஞ்சும். பெரிய சீட்டுன்னா அதுல உயர்ந்தது, சின்ன சீட்டுன்னா தாழ்ந்தது. 1930-களில் இதை எழுதிப் பரப்பினவர் ஹை லாவின்தால் என்ற அமெரிக்கர். இன்னிக்கும் பல பேர் இதை அவர் பேர்லயே கூப்பிடுறாங்க.

ஒரு கை ஆடிப் பார்ப்போம்

ஒப்பந்தம் 4 ஸ்பேட். நீங்க மேற்கு. உங்க ஹார்ட்: ஏஸ், கிங், 10, 8, 4. தனியா கிளாவர் ஏஸும் இருக்கு. நீங்க ஹார்ட் ஏஸ் ஆடுறீங்க. டம்மியில ஹார்ட் குயின், 7, 3 தெரியுது. டைமண்ட்ல கிங், குயின், ஜாக், 10 வரிசையா நிக்குது.

உங்க பார்ட்னர் 9 போடுறார். பெரிய சீட்டு; "தொடரு"ன்னு அர்த்தம். கிங் ஆடுறீங்க, இப்போ 2 போடுறார். பெரிசு, அப்புறம் சின்னது. அவர்கிட்ட ஹார்ட் ரெண்டே ரெண்டுதான் இருந்திருக்கு. மூணாவது ஹார்ட்டை அவர் துருப்பால வெட்டுவார்.

நாலாவது ட்ரிக் எங்க? உங்க கிளாவர் ஏஸ். ஆனா அது பார்ட்னருக்குத் தெரியாது. அவர் கண்ணுல டைமண்ட் ஏஸும் படலை, கிளாவர் ஏஸும் படலை. எது உங்ககிட்ட இருக்குன்னு நீங்கதான் சொல்லணும். அதனால வெட்டுறதுக்காக ஆடுற மூணாவது ஹார்ட் 10 இல்ல, 4. சின்ன சீட்டு, தாழ்ந்த ஜாதி, அதாவது கிளாவர். பார்ட்னர் வெட்டிட்டு கிளாவர் ஆடுறார், உங்க ஏஸ் எடுக்குது, ஒப்பந்தம் உடைஞ்சது.

10 போட்டிருந்தா? பார்ட்னர் டைமண்ட் ஆடுவார். டிக்ளேரர் ஏஸால எடுத்து, துருப்பை எல்லாம் இழுத்துட்டு, டம்மியோட டைமண்ட்ல தன் ரெண்டு கிளாவரையும் தள்ளிடுவார். உங்க ஏஸ் கடைசி வரைக்கும் கையிலயே கிடக்கும். ஒரே ஒரு சீட்டு வித்தியாசம்.

சத்தமும் ஒட்டுக்கேட்பும்

நம்ம பாடத்துல வர்ற சேனல் மாதிரியே இதுலயும் நாய்ஸ் உண்டு. பார்ட்னர் 9-க்கு பதிலா 5 போட்டா அது பெரிசா சின்னதா? டம்மியிலயும் உங்க கையிலயும் 2 இல்லைன்னா, அது பார்ட்னர்கிட்ட ஒளிஞ்சிருக்கலாம். அப்போ 5 பெரிசு. ஆனா டிக்ளேரர் வேணும்னே 2-ஐப் பதுக்கி உங்களைக் குழப்பலாம். அவரும் உங்க சிக்னலைக் கேட்டுக்கிட்டுதான் இருக்கார். அதனால பார்ட்னருக்கு உதவாம டிக்ளேரருக்கு மட்டும் உதவுற இடத்துல நல்ல ஆட்டக்காரர்கள் சிக்னல் தர்றதில்ல.

அப்போ ரகசிய கோட் வச்சுக்கலாமேன்னு உங்களுக்குத் தோணும். கணிதவியலாளர் பீட்டர் விங்க்லருக்கும் தோணுச்சு. 1983-ல கிரிப்டாலஜியா இதழ்ல இதைப் பத்தி எழுதினார். ஒரு ஜாதியில டிக்ளேரர் கை காலியாயிட்டா, அந்த ஜாதியில மிச்ச சீட்டு யார்கிட்ட எதுன்னு ரெண்டு டிஃபென்டருக்கும் தெரியும், டிக்ளேரருக்குத் தெரியாது. அதுதான் சாவி. அதை வச்சு "பெரிசுன்னா வா" என்பதைத் தலைகீழா மாத்திக்கலாம். அழகான யோசனை, ஆனா அமெரிக்க பிரிட்ஜ் அமைப்பு இதை அனுமதிக்கிறதில்ல.

காரணம், பிரிட்ஜோட அடிப்படை விதி: உங்க சிக்னலுக்கு என்ன அர்த்தம்னு எதிராளி கேட்டா மறைக்காம சொல்லணும். சீட்டு வழியா சொன்னா அது ஆட்டம், உடம்பு வழியா சொன்னா குற்றம். 1975 பெர்முடா உலகப் போட்டியில பார்ட்னர்களுக்கு நடுவுல முதல்முறையா திரை வச்சாங்க. அங்கேயே ஒரு இத்தாலிய ஜோடி மேஜைக்கு அடியில காலால தட்டினதா புகார் வந்து, கண்டனமும் வாங்கினாங்க. அப்புறம் கால் எட்டாதபடி மேஜைக்கு அடியிலயும் தடுப்பு வச்சாங்க.

பிரிட்ஜ் முழுசா கத்துக்க நேரம் ஆகும். ஆனா விருப்ப சிக்னலை மட்டும் இன்னிக்கே நீங்க ஆடுற எந்தப் பார்ட்னர் ஆட்டத்துலயும் போட்டுப் பாருங்க. ஒரே நிபந்தனை: ஆட்டத்துக்கு முன்னாடி எதிர் ஜோடிக்கும் சொல்லிடணும். அவங்களுக்குத் தெரிஞ்ச பிறகும் ஜெயிச்சீங்கன்னா, அந்த ஜெயிப்புல கிடைக்கிற சந்தோஷம் கண்ணடிச்சு ஜெயிக்கிறதுல கிடைக்காது.