குழியிலேயே வைக்கும் மருந்து

அப்புத்தளை மலையில் தேயிலைக்கு வேர்நோய் வந்தால், செடியைப் பிடுங்குவதோடு வேலை முடியாது. அலவாங்கு போட்டுத் தோண்டி வேரையும் பொறுக்க வேண்டும். மண்ணில் தங்கிய ஒரு துண்டு வேர் போதும், நோய் பக்கத்துச் செடிக்குப் போக. புரோஸ்டேட் புற்றுநோய்க்கான சத்திரசிகிச்சையிலும் இதே கவலைதான்.

புரோஸ்டேட் ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கிறது. புற்று அதைத் தாண்டாதபோது செய்யும் சத்திரசிகிச்சையில் முதலில் சுரப்பியை முழுதாக எடுக்கிறார்கள். பிறகு சிறுநீர்ப்பையைக் குழாயோடு சேர்த்துத் தைக்கிறார்கள். ஆனால் எடுத்த குழியில் கண்ணுக்குத் தெரியாத புற்றுக் கலங்கள் சில தங்கியிருக்கலாம்.

அவற்றுக்காக டோசிடாக்செல் போன்ற மருந்தை நாளத்தில் ஏற்றினால் அது உடம்பெல்லாம் சுற்றும். ஒரு குழிக்காக மலை முழுக்க மருந்து அடிக்கிற வேலை அது. முடி கொட்டும், வெள்ளையணு குறையும். குழிக்குப் போய்ச் சேருவதோ கொஞ்சம்.

சரி, குழியிலேயே ஊற்றிவிடலாமே? நிற்காது. அடைமழையில் போட்ட உரம் மாதிரி இரத்தம் அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். எனவே மருந்தை முதலில் ஒரு பொலிமரில் கலக்கிறார்கள். தயிரைப் புளிக்க வைக்கிற அதே லக்டிக் அமிலத்தையும், கிளைக்கோலிக் அமிலத்தையும் சங்கிலியாகக் கோத்தால் அத்தகைய பொலிமர் ஒன்று கிடைக்கும். உடம்பின் நீர் பட்டதும் சங்கிலி கண்ணி கண்ணியாக அறும். அறும்போது மருந்து கசியும், வாரக்கணக்கில். மிஞ்சுகிற அமிலத்தை உடம்பே கரைத்து வெளியேற்றிவிடும். அதனால் திரும்ப வெட்டி எடுக்கத் தேவையில்லை.

இது வெறும் கற்பனையல்ல. மூளைப் புற்றுக்கட்டியை எடுத்த குழியில் எட்டு வில்லைகள் வரை வைக்கும் கிளியாடெல்லுக்கு (அதன் பொலிமர் வேறு) அமெரிக்கா 1996இல் அனுமதி கொடுத்தது. புரோஸ்டேட் நோயாளிகளுக்கு வயிற்றுத் தோலடியில் மாதம் ஒன்றாகப் போடும் கோசரலின் 3.6 மில்லிகிராம் குச்சியும் மேலே சொன்ன பொலிமரால் ஆனதுதான். ஆனால் அது உடம்பு முழுக்க ஹோமோனைக் குறைக்கிற மருந்து. குழி மருந்தென்று நினைத்துவிடாதீர்கள்.

புரோஸ்டேட் குழியில் மருந்து வைப்பது இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. சிக்கல், சிறுநீர்ப்பையைக் குழாயோடு சேர்த்த அந்தத் தையலில். புற்றுக் கலம் பெருகாமல் தடுக்கிற மருந்து, புண் ஆறப் பெருக வேண்டிய நல்ல கலத்தையும் தடுக்கும். தையல் ஆறாவிட்டால் சிறுநீர் கசியும். அதோடு, புற்று ஏற்கெனவே எலும்புக்குப் போயிருந்தால் குழி மருந்து அதை எட்டாது.

ஆகவே சத்திரசிகிச்சை முடிந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதுளையோ மகரகமையோ, தூரம் என்று கிளினிக்கைத் தவறவிடாதீர்கள். சுரப்பியே இல்லாதபோது இரத்தத்தில் அது சுரக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவு கிட்டத்தட்ட பூச்சியமாக இருக்க வேண்டும். அது ஒரு மில்லிலீற்றருக்கு 0.2 நனோகிராமைத் தொட்டு, மறு பரிசோதனையிலும் இறங்காவிட்டால், கதிர்ச் சிகிச்சை தேவையா என்று வைத்தியரிடம் நீங்களே கேளுங்கள்.