காமயகவுண்டன்பட்டி: பள்ளி வீரர்களுக்கான பொது விளையாட்டுத் திடலை மேம்படுத்துதல்

காமயகவுண்டன்பட்டி தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு பேரூராட்சி ஆகும். கம்பத்துக்கு அருகே, மேகமலை அடிவாரப் பக்கமாக அமைந்த இவ்வூர் திராட்சைத் தோட்டங்களுக்குப் பெயர் பெற்றது. இப்பகுதியின் பன்னீர் திராட்சைக்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. முல்லைப்பெரியாற்று நீரை நம்பிப் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் சாகுபடி நடக்கிறது. எனவே இங்கே சமதளமான நிலம் எதுவும் சும்மா கிடப்பதில்லை. பள்ளி மாணவர்கள் ஓடவும் தாண்டவும் எறியவும் ஒதுக்கிய பொதுத் திடல் எந்த அளவில் இருக்கிறதோ, பெரும்பாலும் அந்த அளவுக்குள்தான் அதை மேம்படுத்தியாக வேண்டும்.

மேம்பாடு என்றதும் பார்வையாளர் மாடம், நுழைவு வளைவு, சுற்றுச்சுவர் ஆகியவையே முதலில் பேச்சுக்கு வருகின்றன. இவை கண்ணுக்குத் தெரியும். திறப்பு விழாவும் நடத்தலாம். ஆனால் 400 மீட்டர் ஓடும் ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு வேண்டியது சரியாக அளந்த பாதை, காலுக்கு இதமான மண், மழைநீர் வடியும் சரிவு, மாலை ஆறு மணிக்குப் பிறகு கொஞ்சம் வெளிச்சம். இந்த நான்கும் மாடத்தைவிட மலிவானவை.

போட்டிகளின் படிநிலை

தமிழ்நாட்டில் பள்ளிகளுக்கிடையே பாரதியார் தின, குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள் நடைபெறுகின்றன. குறுவட்ட அளவில் வென்றவர் வருவாய் மாவட்ட அளவுக்கும், அங்கு வென்றவர் மாநில அளவுக்கும் செல்கிறார். தேசிய அளவில் 1954இல் தொடங்கப்பட்ட இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் எனப் பிரித்துப் போட்டிகளை நடத்துகிறது.

குறுவட்டத்தில் பெரும்பாலும் எல்லாரும் மண் தரையில்தான் ஓடுகிறார்கள். மேலே செல்லச் செல்ல செயற்கை இழைப் பாதையும் கபடி விரிப்பும் வருகின்றன. வளைவில் தன் தடத்தை விட்டு விலகாமல் ஓடிப் பழகாத மாணவர், கால் வலு எவ்வளவு இருந்தாலும் அங்கே தடுமாறுவார். கோட்டை மிதித்ததற்காகத் தகுதி நீக்கம் பெற்று ஊர் திரும்புபவர்களும் உண்டு. அந்தத் தோல்விக்கு அவரது திடலில் கோடுகளே இல்லாததும் ஒரு காரணம்.

எவ்வளவு இடம் வேண்டும்?

முறையான 400 மீட்டர் ஓடுபாதையில் நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 84.39 மீட்டர், உள்வளைவின் ஆரம் 36.50 மீட்டர், ஒரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர். எட்டுத் தடங்கள் போட்டால் ஏறத்தாழ 177 மீட்டர் நீளமும் 93 மீட்டர் அகலமும் தேவை. அதாவது நான்கு ஏக்கருக்கு மேல். திராட்சையும் நெல்லும் விளையும் ஊரில் இது எளிதில் கிடைக்கும் பரப்பு அன்று. கிடைக்காததற்காகக் காத்திருப்பதைவிட 200 மீட்டர் பாதை ஒன்றை ஒழுங்காகப் போடுவதே மேல்.

அதன் கணக்கு எளிது. நேர்ப்பகுதி இரண்டும் 40 மீட்டர் வீதம் 80 மீட்டர். மீதி 120 மீட்டரும் இரண்டு அரைவட்டங்களில் அடங்க வேண்டும். உள்கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி ஓடுவதாகக் கொண்டே தூரம் அளக்கப்படும் என்பதால், உள்கோட்டின் ஆரம் 18.90 மீட்டர். ஆறு தடங்களுடன் இது சுமார் 92 மீட்டர் நீளம், 52 மீட்டர் அகலத்துக்குள் அமையும். 100 மீட்டர் ஓட்டத்துக்கு மட்டும் ஒரு பக்க நேர்ப்பகுதியை இரு முனையிலும் நீட்ட வேண்டும். தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் நிற்கவும், முடிவுக் கோட்டைத் தாண்டி வேகம் குறைக்கவும் இடம் விட்டால் 120 மீட்டர் ஆகும். ஆக, 120 மீட்டருக்கு 60 மீட்டர், அதாவது ஒன்றே முக்கால் ஏக்கர் இருந்தால் போதும். 100 மீட்டரை மூலைக்கு மூலை ஓடவிட்டு, முடிவில் சுவரைக் கைகளால் தடுத்து நிற்கும் வழக்கம் அதன் பிறகு தேவைப்படாது.

பாதையின் நடுவே உள்ள இடமும் வீணாவதில்லை. 27 மீட்டருக்கு 16 மீட்டர் கோகோ களமும், 13 மீட்டருக்கு 10 மீட்டர் கபடிக் களமும் அங்கே அடங்கும்.

தொடக்கக் கோட்டில்தான் அதிகம் பிழை நேர்கிறது. ஒரு முழுச் சுற்று ஓட்டத்தில் ஒவ்வொரு தடமும் அதற்கு உள்ளே இருக்கும் தடத்தைவிட 7.67 மீட்டர் முன்னே தொடங்க வேண்டும். எல்லாரையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் ஆறாவது தடத்தில் ஓடுபவர் 38 மீட்டர் கூடுதலாக ஓடுவார். இந்த இடங்களில் தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே நிலையான கல் பதித்துவிட்டால் ஒவ்வொரு முறையும் நாடா பிடித்து அளக்க வேண்டியதில்லை. உடற்கல்வி ஆசிரியர் மாறுதலாகிப் போனாலும் அளவு நிலைத்திருக்கும்.

மண்ணும் நீரும்

மலையடிவார ஊர்களில் திடலுக்கு முதல் எதிரி மழைநீர். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மேட்டிலிருந்து இறங்கும் நீர் திடலின் குறுக்கே ஓடி மேல்மண்ணை அரித்துச் சென்றுவிடும், மிஞ்சுவது சரளைக்கல். அதன் மேல் வெறுங்காலுடன் ஓடுகிற பிள்ளைகளுக்கு முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலி வருகிறது. ‘பயிற்சி போதாது’ என்று அதைத் தள்ளிவிடுவோர் உண்டு. பல சமயம் குற்றம் தரையினுடையது.

எனவே முதல் வேலை திடலின் மேட்டுப்பக்கம் ஒரு வடிகால் வெட்டி, வரும் நீரைச் சுற்றி அனுப்புவது. அடுத்தது சரிவு. ஓடுபாதையில் வெளியிலிருந்து உள்நோக்கிய சரிவு நூறு மீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஓடும் திசையில் ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர்தான். கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. மட்டக்கருவி வைத்து அளந்த பின்பே மண் அடிக்க வேண்டும். பல திடல்களில் டிராக்டரில் செம்மண் கொண்டுவந்து கொட்டிப் பரப்புவதோடு வேலை முடிகிறது. அடுத்த மழையில் அந்தச் செம்மண் வாய்க்காலுக்குப் போய்விடும். சலித்த செம்மண்ணை மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் நீர் தெளித்து உருளை ஓட்டி இறுக்கினால்தான் தங்கும். வெறும் களிமண் வெயிலில் வெடிக்கும், வெறும் மணல் காலை இழுக்கும். இரண்டும் கலந்த பதம் வேண்டும்.

நீளம் தாண்டும் குழிக்கு 2.75 முதல் 3 மீட்டர் அகலம், ஓடிவர 40 மீட்டர் பாதை, உதைபலகை என எல்லாம் இருந்தும் மணல் இறுகிக் கிடந்தால் அது ஆபத்தான இடம்தான். ஆற்றுமணல் கிடைப்பது அரிதாகிவிட்டதால் கட்டுமான எம்-சாண்டை நிரப்புகிறார்கள். அதன் துகள்கள் கூர்மையானவை, எளிதில் இறுகும். கழுவிச் சலித்த உருண்டை மணலே தாண்டுபவருக்கு ஏற்றது. எந்த மணலானாலும் பயிற்சிக்கு முன் மண்வெட்டியால் கிளறி ஈரமாக்க வேண்டும். கண்ணாடிச் சில்லும் அப்போதுதான் கண்ணில் படும்.

கோடு போடும் பொடியிலும் கவனம் தேவை. நீர்த்த சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் அரிக்கும். விழுந்து சிராய்த்த இடத்தில் பட்டால் புண்ணாகும். சுண்ணாம்புக்கல்லை அரைத்த மாவில் இந்தத் தொல்லை இல்லை. விலையும் அதிகமில்லை.

யார் பயன்படுத்துகிறார்கள்?

பொதுத் திடலில் காலையில் நடைப்பயிற்சி செய்வோர், மாலையில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடும் இளைஞர்கள், இடையிடையே திருவிழாக் கடைகள், அரசியல் கூட்டம், வாகன நிறுத்தம் எனப் பலரும் வருகிறார்கள். அது பொது இடம் என்பதால் யாரையும் விரட்ட முடியாது, விரட்டவும் கூடாது. ஆனால் பந்தல்கால் நட்ட குழிகளை மூடாமல் போவதைத் தடுக்கலாம். வாடகையோடு முன்வைப்புத் தொகை வாங்கிக்கொண்டு, தரையைச் சரிசெய்த பிறகு திருப்பித் தரலாம். நடப்பவர்கள் எல்லாரும் முதல் தடத்திலேயே நடப்பதால் அது மட்டும் குழிந்துவிடுகிறது. வெளித்தடத்தில் நடக்கச் சொல்லி ஒரு பலகை வைத்தால் போதும்; சுற்றும் சற்றுக் கூடுதலாகும், உடம்புக்கும் நல்லதே.

அதிகம் விலக்கப்படுவோர் மாணவியர். பள்ளி விட்டு நாலரை மணிக்குத் திடலுக்கு வந்தால், மேற்கே மலை இருப்பதால் டிசம்பரில் ஆறு மணிக்குள் வெளிச்சம் குறைந்துவிடும். அந்த ஒன்றரை மணி நேரத்தையும் கிரிக்கெட் ஆட்டம் எடுத்துக்கொண்டால் அவர்களுக்கு மிச்சம் எதுவும் இல்லை. வார நாட்களில் நாலரை முதல் ஆறரை வரை பள்ளி மாணவர்களுக்கே என்று பேரூராட்சி நேரம் ஒதுக்குவதும், ஒரு உயர்கோபுர மின்விளக்கும், தண்ணீர் வரும் கழிப்பறையும் சேர்ந்தால் நிலைமை மாறும். கழிப்பறை இல்லாத திடலில் மாதத்தில் சில நாட்கள் பயிற்சி தானாகவே நின்றுபோகிறது. இதை எந்த மதிப்பீட்டு அறிக்கையும் எழுதுவதில்லை.

பணமும் முன்மாதிரிகளும்

கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணை தொடக்க, நடுநிலை வகுப்புகள் உள்ள பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. எவ்வளவு பரப்பு என்று சொல்லவில்லை. நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. சட்டமன்ற உறுப்பினர் நிதி, பேரூராட்சியின் பொதுநிதி, மக்கள் பங்களிப்புடன் நடக்கும் ‘நமக்கு நாமே’ திட்டம் ஆகியவையும் இருக்கின்றன. 1992இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் வழியாகச் சட்டமன்றத் தொகுதிதோறும் முதலமைச்சர் சிறு விளையாட்டரங்கம் கட்டும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. தொகுதிக்கு ஓர் அரங்கம் நல்லதே. ஆனால் தினமும் பேருந்து ஏறிப் போய்ப் பயிற்சி செய்ய எல்லாப் பிள்ளைகளாலும் இயலாது. ஊர்த் திடலின் இடத்தை அது நிரப்பாது.

சிறிய ஊர் என்பது தடையல்ல என்பதற்குத் தேனி மாவட்டத்திலேயே சான்று உண்டு. பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் கோடைதோறும் நடத்தும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்கு வங்கி, முப்படை அணிகள் வந்து ஆடுகின்றன. 28 மீட்டருக்கு 15 மீட்டர் களத்தை ஆண்டு முழுதும் பார்த்துக்கொள்ள ஓர் அமைப்பு இருந்ததே அங்கே அடிப்படை. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் கிரிக்கெட் வீரர் தங்கராசு நடராஜன் தம் ஊரில் அமைத்த மைதானம் 2023 ஜூனில் திறக்கப்பட்டது. சென்னை கண்ணகி நகரின் கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் ஆடினார்.

எச்சரிக்கையான எடுத்துக்காட்டும் ஒன்று உண்டு. கென்யாவின் ஈட்டன் ஊரில், பள்ளத்தாக்கின் விளிம்பில் உள்ள கமாரினி மைதானத்தின் மண் பாதையில் உலகப் புகழ்பெற்ற ஓட்டக்காரர்கள் பலர் பயிற்சி செய்தனர். நவீனப்படுத்துவதற்காக அதை மூடினார்கள். பணி பல ஆண்டுகள் முடங்கியது. ஓட்டக்காரர்கள் அருகிலுள்ள தாம்பாச்சின் மண் பாதைக்குப் போக வேண்டியதாயிற்று. ஆகவே வேலையைப் பகுதி பகுதியாகச் செய்து, ஒரு பாதி எப்போதும் திறந்திருக்கும்படி ஒப்பந்தத்திலேயே எழுதுவது நல்லது. காமயகவுண்டன்பட்டி போன்ற ஊரில் இதற்கு ஏற்ற காலம் ஜனவரி முதல் மே வரை. மழை ஓய்ந்திருக்கும், மண் இறுக நாள் கிடைக்கும், ஜூனில் பள்ளி திறக்கும்போது கோடு போடலாம். சுற்றுச்சுவர் எழுப்பினால் வாயிற்கதவின் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் அப்போதே முடிவு செய்துவிட வேண்டும். பள்ளிக்கு ஒன்று, பேரூராட்சிக்கு ஒன்று, திடலுக்கு அருகிலேயே குடியிருக்கும் ஒருவரிடம் ஒன்று.