சென்னை சங்கமத்துக்கு எப்படிப் போகணும்? (பஸ் ரூட் இல்ல, பார்க்குற விதம்)

பொங்கல் லீவுக்கு ஹாஸ்டல் காலியாகும்போது, டிக்கெட் கிடைக்காம மாட்டிக்கிற கூட்டம் ஒண்ணு எப்பவும் இருக்கும். மூணாவது வருஷம் அந்தக் கூட்டத்துல நானும் ஒருத்தன். பொழுது போகலன்னுதான் சென்னை சங்கமம் பார்க்கப் போனேன். ரெண்டு வீடியோ, ஒரு ஸ்டோரி, திரும்பிடலாம்ங்கிறதுதான் பிளான். நீங்களும் அப்படித்தான் போவீங்கன்னா, அதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

முதல்ல, இது என்ன?

2007-ல தொடங்கின விழா இது. 2011-க்கு அப்புறம் நின்னுபோச்சு. 2023 ஜனவரியில் 'சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா'ங்கிற பேர்ல தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறை மறுபடி தொடங்கினாங்க. பல மாவட்டங்கள்ல இருந்து நாட்டுப்புறக் கலைஞர்கள் வருவாங்க. சபா ஹால் கிடையாது. பார்க், கடற்கரை, மைதானம்தான் மேடை. கூடவே உணவுக் கடைகள். நுழைவுக் கட்டணம் இல்லை.

கரகாட்டம்: நம்ம சிலபஸ்ல இருக்கு

தலையில குடம், அதுக்கு மேல பூ அலங்காரம், உச்சியில கிளி. கையால தொடவே மாட்டாங்க. கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல வர்ற இன்வர்ட்டட் பெண்டுலம் இதேதான். குடம் எந்தப் பக்கம் சாயுதோ, அந்தப் பக்கமே தலையையும் நகர்த்தி, எடையோட மையத்துக்குக் கீழ ஆதாரத்தைக் கொண்டு வரணும். அலங்காரம் உயரமா இருக்கறதும் ஒரு உதவிதான். உள்ளங்கையில பென்சிலை நிறுத்திப் பாருங்க, அப்புறம் துடைப்பத்தை நிறுத்திப் பாருங்க. துடைப்பம் மெதுவாத்தான் சாயும். திருத்திக்க நேரம் கிடைக்கும். நாம மேட்லாப்ல பிஐடி டியூன் பண்ணி சிமுலேஷன்ல நிறுத்துறதை, இவங்க தாளத்துக்கு ஆடிக்கிட்டே பண்றாங்க.

பறை: ஏன் தீயில காட்டுறாங்க?

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில ஒரு பறைக்குழு ஆட்டத்துக்கு முன்னாடி காகிதத்தைக் கொளுத்தி, அந்தச் சூட்டுல பறையைக் காட்டிக்கிட்டு இருந்தாங்க. ஏதோ சடங்குன்னு நினைச்சேன். "அண்ணே, இது எதுக்கு?"ன்னு கேட்டேன்.

"கடக்காத்து தம்பி. தோலு தொய்ஞ்சு போவுது. காய்ச்சாதான் பேசும்."

மொத்த விளக்கமும் இதுல இருக்கு. தோல் காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சும், இழுவை குறையும், சத்தம் மந்தமாகும். சூட்டுல ஈரம் போனா தோல் சுருங்கி இறுகும். அதிர்வெண் இழுவையோட வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதனால இழுவை ரெண்டு மடங்கானாலும் சுருதி சுமார் 1.4 மடங்குதான் ஏறும். அதனாலதான் நல்லாவே காய்ச்சணும், கடற்கரையில அடிக்கடி காய்ச்சணும். அவர்கிட்ட டியூனர் ஆப் எதுவும் இல்லை. விரலால ஒரு தட்டு, காதுக்கு ஒரு நொடி, அவ்ளோதான்.

ரெண்டு கைக்கும் ரெண்டு குச்சி. ஒண்ணு நீளமா மெலிசா, இன்னொண்ணு குட்டையா தடியா. கண்ணை மூடிக் கேட்டா ரெண்டோட சத்தமும் தனித்தனியா பிரிஞ்சு வரும். வீடியோ எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது அப்படிக் கேளுங்க.

சாப்பாடு: பேருக்கு முன்னாடி இருக்குற ஊரைப் பாருங்க

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது 2019-ல, கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல. அந்தப் பேரை அந்த ஊர்ப் பகுதியில, அந்த முறையில செய்யறவங்க மட்டும்தான் போட்டு விக்கலாம்ங்கிறதுக்கான சட்டப் பாதுகாப்பு இது. கோவில்பட்டியைச் சுத்தி கரிசல் மண், அந்த மண்ணுல விளையற நிலக்கடலை. கடலைமிட்டாய் வாங்கும்போது எங்க செஞ்சதுன்னு கேளுங்க. சரியான கடையா இருந்தா, கேட்டதும் பேச ஆரம்பிச்சிடுவாங்க.

கடைசியா, நான் சொல்லியே ஆகவேண்டியது

சின்ன வயசுல எங்க ஊர்ல பறைக்குப் பக்கத்துல என்னைப் போக விடமாட்டாங்க. "அது சாவு மேளம்டா"ம்பாங்க. ஏன் போகக்கூடாதுன்னா பதில் வராது. அந்தப் பதில் ஜாதின்னு காலேஜ் வந்த அப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுது. இருபது வயசுலதான் முதல்தடவை ஒரு பறையைத் தொட்டுப் பார்த்தேன். தோல் இன்னும் சூடா இருந்துச்சு.

"இங்க கை தட்டுறாங்க, கூட நின்னு போட்டோ எடுக்கறாங்க. ஊர்ல இன்னும் வாசலுக்கு வெளியதான் தம்பி," அந்த அண்ணன் சிரிச்சுக்கிட்டே சொன்னார். எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. அந்த வாசலுக்கு உள்ள இருந்தவங்க எங்க வீட்டு ஆளுங்கதான்.

அதனால ஒரு வேண்டுகோள். பார்த்துட்டு அப்படியே கிளம்பிடாதீங்க. குழுவோட பேரையும் ஊரையும் கேளுங்க. ஸ்டோரி போட்டா அந்தப் பேரையும் சேர்த்துப் போடுங்க. திருவிழா சீசன் முடிஞ்சா பல குழுவுக்கு வேலை கம்மி; அவங்க நம்பரை வாங்கி வைங்க. நம்ம கல்ச்சுரல்ஸ்ல வருஷா வருஷம் டிஜேவுக்கு ஒதுக்குற பட்ஜெட் எவ்ளோன்னு உங்களுக்கே தெரியும். அதுல ஒரு பங்கை ஒரு பறைக்குழுவுக்கு ஒதுக்கி, மெயின் ஸ்டேஜ்ல, பிரைம் டைம்ல, பேசின காசைக் குறைக்காம கொடுத்து ஆட வைக்கலாம்.

நான் இந்த வருஷம் பாஸ் அவுட். அந்தக் குழுவோட நம்பர் என்கிட்ட இருக்கு. அடுத்த கல்ச்சுரல்ஸ் கமிட்டியில யார் இருக்கீங்களோ, வந்து வாங்கிக்கோங்க.